இராக்காலக் கடற்பயணத்தில் கண்காணிப்பின் அவசியம்



பகலில் கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானம் வரை கடல் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தூரத்தே செல்லும் கப்பல், அருகே ஆடும் வள்ளம், கரையை அண்டிய பாறை ஆகிய யாவற்றையும் இலகுவாக இனங்காண்பீர்கள். அதே இடத்தில் நிலவற்ற இரவொன்றில் நின்று பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதுகூடத் தெரியாது. அந்த இருளினூடாகவே கப்பல்கள் ஒவ்வோர் இரவும் பயணம் செய்கின்றன. கப்பலில் உள்ளவர்களுள் பெரும்பாலானோர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பர். அவர்களது உயிர் விழித்திருக்கும் ஒருசிலரின் பொறுப்பில் உள்ளது.

அந்த ஒருசிலர் செய்யும் பணியே கண்காணிப்பு ஆகும். அது ஏன் அவசியம், எவ்வாறு செய்யப்படுகிறது, தவறினால் என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. கண்காணிப்பு என்றால் என்ன?

கண்காணிப்பு என்பது கண்ணை விழித்துக்கொண்டு இருப்பது மட்டுமன்று. அது நான்கு படிகளைக் கொண்ட செயல் ஆகும்.

(அ) காணல் அல்லது கேட்டல்
(ஆ) கண்டது என்ன என்பதை இனங்காணல்
(இ) உரியவருக்கு அறிவித்தல்
(ஈ) தக்க நடவடிக்கை எடுத்தல்

இந்த நான்கும் ஒரு சங்கிலியின் வளையங்களைப் போன்றவை. ஒன்று அறுந்தாலும் ஏனையவற்றால் பயனில்லை. இதனை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் வரும் உதாரணங்களில் எந்த வளையம் அறுந்தது என்பதை நீங்களே கண்டறிய வேண்டும்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள் 1972 ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1977 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 5 ஆம் விதி கண்காணிப்புப் பற்றியதாகும். ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும், அத்துடன் அப்போது கிடைக்கக்கூடிய ஏனைய எல்லா வழிகளாலும் முறையான கண்காணிப்பை மேற்கொள்ள வேண்டும் என அவ்விதி வலியுறுத்துகிறது. பெரிய கப்பலுக்கு ஒரு சட்டம், சிறிய படகுக்கு வேறொரு சட்டம் என்ற பேதம் இவ்விதியில் இல்லை.

2. ஓர் இரவு, மூன்று கப்பல்கள்

கண்காணிப்பின் அவசியத்தை விளக்க 1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி இரவு அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடபகுதியில் நடந்த சம்பவத்தை நோக்குவோம். டைட்டானிக் கப்பல் மூழ்கிய கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அன்றிரவு அப்பகுதியில் நின்ற மற்ற இரு கப்பல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கண்காணிப்பின் முழுப் பாடமும் விளங்கும்.

(அ) டைட்டானிக்

அன்று பகல் முழுவதும் பனிக்கட்டிகள் பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தி மூலம் டைட்டானிக்குக்குக் கிடைத்தவண்ணம் இருந்தன. ஆயினும் கப்பல் ஏறத்தாழ 22 நொட் கதியில் சென்றுகொண்டிருந்தது. ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர் ஆகும். எனவே கப்பலின் கதி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 41 கிலோமீற்றர்.

கம்பத்தின் உயரத்தில் அமைந்த காவற்கூட்டில் இருவர் கண்காணிப்பில் இருந்தனர். அன்று நிலவு இல்லை. கடலும் கண்ணாடி போல அசைவற்றுக் கிடந்தது. அமைதியான கடல் பாதுகாப்பானது என்று நீங்கள் எண்ணலாம். கண்காணிப்பவருக்கோ அது பாதகமானது. அலை இருந்தால் அது பனிப்பாறையின் அடியில் மோதி வெண்ணுரையாகத் தெரியும். அலையற்ற கடலில் அந்த அடையாளமும் இல்லாமற் போயிற்று. காவற்கூட்டில் கைத் தொலைநோக்கியும் இருக்கவில்லை.

பி.ப. 11.40 அளவில் காவலாளி ஒருவர் நேர் எதிரே பனிப்பாறையைக் கண்டார். மணியை மூன்று முறை அடித்தார். தொலைபேசியில் கப்பலைச் செலுத்தும் மேடைக்கு அறிவித்தார். கண்டதற்கும் மோதியதற்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 37 செக்கன்கள் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

இதனை நாம் கணித்துப் பார்ப்போம். 22 நொட் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 11.3 மீற்றர். 37 செக்கன்களில் கப்பல் செல்லும் தூரம் 11.3 × 37, அதாவது ஏறத்தாழ 420 மீற்றர். 269 மீற்றர் நீளமும் 50,000 தொன்னுக்கு மேற்பட்ட திணிவும் உடைய கப்பலின் உந்தம் மிகப் பெரியது. அதனை நிறுத்துவதற்கோ திருப்புவதற்கோ அந்தத் தூரம் போதவில்லை. ஏப்ரல் 15 ஆம் திகதி மு.ப. 2.20 அளவில் கப்பல் முற்றாக மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்தனர்.

இங்கு காவலாளிகள் உறங்கவில்லை. கண்டவுடன் அறிவிக்கவும் செய்தனர். அப்படியானால் தவறு எங்கே? கப்பலின் கதி மிகக் கூடியதாக இருந்ததே மோதலுக்குக் காரணம் என்று பிரித்தானிய விசாரணையின் முடிவு கூறியது. பனிக்கட்டிகள் உள்ள பகுதி எனத் தெரிந்திருந்தும் கப்பலின் முன்முனையில் மேலதிகக் காவலாளி ஒருவரை நிறுத்தாததையும் அது குறையாகச் சுட்டிக்காட்டியது. கண் காணக்கூடிய தூரத்துக்கு ஏற்ப கதி அமையாவிட்டால், கண்காணிப்பவர் கண்டும் பயனில்லை என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

(ஆ) கலிபோர்னியன்

கலிபோர்னியன் என்னும் சரக்குக் கப்பல் பனிக்கட்டிகளைக் கண்டதும், இருளில் மேலும் செல்வது ஆபத்து எனக் கருதி இரவு 10.20 அளவில் நின்றுவிட்டது. இது சரியான முடிவே. அதன் தந்தியாளர் டைட்டானிக்குக்கு எச்சரிக்கை விடுக்கவும் முயன்றார். பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மும்முரமாக இருந்த டைட்டானிக் தந்தியாளர் குறுக்கிட வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார். கலிபோர்னியனில் இருந்தவர் ஒரேயொரு தந்தியாளர். நீண்ட நேரம் வேலை செய்த அவர், இரவு 11.30 அளவில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். சில நிமிடங்களின் பின்னரே மோதல் நிகழ்ந்தது. டைட்டானிக்கின் அபாய அழைப்பைக் கேட்க அக்கப்பலில் எவரும் இருக்கவில்லை.

ஆனால் கண்கள் இருந்தன. நள்ளிரவின் பின் காவற்கடமையில் இருந்த அதிகாரியும் பயிலுநர் ஒருவரும் தூரத்தே வெண்ணிற வாணங்கள் வானில் வெடிப்பதைக் கண்டனர். எட்டு வாணங்கள் காணப்பட்டன. அதிகாரி பேச்சுக்குழாய் வழியாகக் கப்பற்றலைவருக்கு அறிவித்தார். விளக்குச் சமிக்ஞை மூலம் தொடர்புகொள்ளுமாறு கப்பற்றலைவர் பணித்தார். பதில் வரவில்லை. அவ்வளவுடன் விடயம் நின்றுவிட்டது. உறங்கிய தந்தியாளரை எழுப்பி, என்ன நடக்கிறது என்று கேட்டறியுமாறு எவரும் கூறவில்லை. விடிகாலையில், 5.30 அளவில்தான் அவர் எழுப்பப்பட்டார். அப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

இரு கப்பல்களுக்கும் இடையில் இருந்த தூரம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வாணங்கள் காணப்பட்டன என்பதிலும், உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதிலும் ஐயமில்லை. கண்டதை இனங்காணாமலும், இனங்காண முயலாமலும் விட்டால் கண்காணிப்பு வெறும் வேடிக்கை பார்த்தலாகிவிடும்.

(இ) கார்பாத்தியா

டைட்டானிக்கிலிருந்து ஏறத்தாழ 58 கடல்மைல் தொலைவில் கார்பாத்தியா என்ற பயணிகள் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதன் தந்தியாளரும் அன்றிரவு உறங்கச் செல்லத் தயாராகிக்கொண்டிருந்தார். காதுக்கருவியைக் கழற்றுவதற்கு முன்னர் அபாய அழைப்பு அவருக்குக் கேட்டது. உடனே அவர் கப்பற்றலைவர் ஆர்தர் றொஸ்றனிடம் ஓடினார். தூக்கத்திலிருந்து எழுந்த றொஸ்றன் தாமதியாது கப்பலைத் திருப்பினார்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். பனிக்கட்டிகள் நிறைந்த இருளினுள் முழுக் கதியில் செல்ல வேண்டியிருந்தது. டைட்டானிக் சந்தித்த அதே ஆபத்து இக்கப்பலுக்கும் இருந்தது. ஆகவே அவர் காவற்கூட்டிலும் முன்முனையிலும் செலுத்தல் மேடையின் இரு புறங்களிலும் மேலதிகக் காவலாளிகளை நிறுத்தினார். வழியில் எதிர்ப்பட்ட பனிப்பாறைகள் உரிய நேரத்தில் காணப்பட்டன. கப்பல் அவற்றை விலகிச் சென்றது. மு.ப. 4.00 அளவில் கார்பாத்தியா அவ்விடத்தை அடைந்து, உயிர்காப்புப் படகுகளில் இருந்த 700 இற்கும் மேற்பட்டோரை மீட்டது.

ஒரே இரவு, ஒரே கடல், ஒரே இருள். கார்பாத்தியாவில் நான்கு வளையங்களும் அறாமல் இருந்தன. அதனாலேயே அந்த உயிர்கள் எஞ்சின.

இவ்வனர்த்தத்தின் விளைவாகக் கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய முதலாவது சர்வதேச உடன்படிக்கை 1914 ஆம் ஆண்டு இலண்டனில் உருவானது. தந்திக் கருவியையும் இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும் என்ற கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது.

3. இருளில் கண் எவ்வாறு காண்கிறது?

விஞ்ஞான பாடத்தில் விழித்திரை பற்றிக் கற்றிருப்பீர்கள். அங்கு கூம்புக் கலங்களும் கோற் கலங்களும் உள்ளன. கூம்புக் கலங்கள் நல்ல வெளிச்சத்தில் நிறங்களைக் காண உதவுகின்றன. மங்கிய ஒளியில் நாம் காண்பது கோற் கலங்களாலேயே ஆகும்.

பிரகாசமான அறையிலிருந்து இருளுக்குள் செல்பவரின் கண் உடனே இருளுக்கு இசைவாக்கமடையாது. அதற்கு 20 தொடக்கம் 30 நிமிடங்கள் வரை தேவைப்படும். எனவே இரவில் கடமையை ஏற்பவர் முன்கூட்டியே வந்து, கண் இருளுக்குப் பழகிய பின்னரே பொறுப்பை ஏற்க வேண்டும். கடமை மாறும் நேரம் ஆபத்து மிகுந்த நேரம் என்று மாலுமிகள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வாறு பெற்ற இசைவாக்கத்தை ஒரு கணநேரப் பிரகாச ஒளி கெடுத்துவிடும். இதனாலேயே இரவில் கப்பலைச் செலுத்தும் மேடை இருளாக வைக்கப்படுகிறது. வரைபடம் பார்க்க மங்கிய சிவப்பு ஒளி பயன்படுத்தப்படுவதுண்டு. கோற் கலங்கள் சிவப்பு ஒளிக்கு உணர்திறன் குறைந்தவை என்பதே இதற்குக் காரணம். காவலில் இருப்பவர் கைத்தொலைபேசித் திரையைப் பார்ப்பது ஏன் தவறு என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கும். அவரது கவனம் மட்டுமன்றி, பார்வையும் சில நிமிடங்களுக்குக் கெட்டுவிடுகிறது.

விழித்திரையின் மத்தியில் கோற் கலங்கள் இல்லை. ஆகவே இருளில் மங்கலான விளக்கொன்றை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைவது போலத் தோன்றும். சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் மீண்டும் தெரியும். அனுபவமுள்ள காவலாளி ஓரிடத்தையே உற்று நோக்காது, கடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து மெதுவாக நோக்குவார்.

4. விளக்குகள் கூறும் செய்தி

இரவில் கப்பலின் உருவம் தெரியாது. அதன் விளக்குகளே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கலம் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கையும், வலப்பக்கத்தில் பச்சை விளக்கையும், பின்புறம் வெள்ளை விளக்கையும் காட்ட வேண்டும். பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகைக்கும், பின்விளக்கு 135 பாகைக்கும் ஒளி வீசும். 112.5 + 112.5 + 135 = 360. ஆகவே எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஏதாவதொரு விளக்குத் தெரியும். இயந்திரக் கலம் இவற்றுடன் கம்பத்தில் வெள்ளை விளக்கையும் ஏற்றும்.

இதிலிருந்து காவலாளி பின்வருவனவற்றை அறிந்துகொள்வார்.

• சிவப்பு மட்டும் தெரிந்தால், மற்றக் கப்பலின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம்.
• பச்சை மட்டும் தெரிந்தால், அதன் வலப்பக்கத்தைப் பார்க்கிறோம்.
• சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால், அது நம்மை நோக்கி நேரே வருகிறது.

மோதும் ஆபத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. தெரியும் விளக்கின் திசையைத் திசைகாட்டியால் அளக்க வேண்டும். சில நிமிடங்களின் பின் மீண்டும் அளக்க வேண்டும். திசை மாறிக்கொண்டு போனால், பெரும்பாலும் இரு கலங்களும் ஒன்றையொன்று விலகிச் செல்லும். திசை மாறாமல் இருக்க விளக்கு மட்டும் பிரகாசமடைந்தால், இரு கலங்களும் ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன என்பது பொருள். அசையாமல் நிற்பது போலத் தோன்றும் விளக்கே மிக ஆபத்தானது.

இதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 18 நொட் கதியில் செல்லும் இரு கப்பல்கள் நேருக்கு நேர் வருகின்றன எனக் கொள்வோம். அவை ஒன்றையொன்று நெருங்கும் கதி 36 நொட். 6 கடல்மைல் தூரத்தில் விளக்குத் தெரிந்தால், சந்திக்க எடுக்கும் நேரம் 6 ÷ 36 மணித்தியாலம், அதாவது 10 நிமிடம். காவலாளி ஒரு கோப்பை தேநீர் தயாரித்துவரச் சென்றாலே அதில் பாதி கழிந்துவிடும்.

5. களைப்பு என்னும் எதிரி

கப்பல்களில் பொதுவாக நான்கு மணித்தியாலம் காவல், எட்டு மணித்தியாலம் ஓய்வு என்ற முறை பின்பற்றப்படுகிறது. நள்ளிரவு முதல் 4.00 மணி வரையிலான காவலே கடினமானது. விடிவதற்கு முந்திய மணித்தியாலங்களில் மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். சர்வதேச விதிகளின்படி கடமையில் ஈடுபடும் மாலுமிக்கு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு வழங்கப்பட வேண்டும்.

1989 மார்ச் 24 ஆம் திகதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எக்சன் வல்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையோரப் பாறைத்தொடர் ஒன்றில் ஏறியது. அபாய விளக்கு கப்பலின் தவறான பக்கத்தில் தெரிவதாகக் காவலாளி அறிவித்திருந்தார். ஆனால் கப்பல் உரிய நேரத்தில் திரும்பவில்லை. செலுத்தல் மேடையில் தனித்து விடப்பட்டிருந்த அதிகாரியின் களைப்பும் மிகையான வேலைச் சுமையும் காரணங்களுள் அடங்கும் என விசாரணையில் தெரியவந்தது. ஏறத்தாழ 4 கோடி லீற்றர் எண்ணெய் கடலில் கலந்து, பெருந்தொகையான கடற்பறவைகளும் விலங்குகளும் மடிந்தன.

6. ராடர் இருக்கும்போது கண் எதற்கு?

இன்று கப்பல்களில் ராடர், செய்மதி மூலம் இடமறியும் கருவி, அருகிலுள்ள கப்பல்களின் பெயரையும் கதியையும் காட்டும் கருவி ஆகியன உள்ளன. செலுத்தல் மேடையில் குறித்த நேரம் எவ்வித அசைவும் இல்லாவிட்டால் ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியும் உண்டு. அப்படியிருந்தும் விபத்துகள் நிகழ்கின்றன.

2017 யூன் 17 ஆம் திகதி மு.ப. 1.30 அளவில், அமெரிக்கக் கடற்படையின் பிற்ஸ்ஜெரல்ட் என்ற போர்க்கப்பல் யப்பான் கரைக்கு அப்பால் கொள்கலன் கப்பல் ஒன்றுடன் மோதியது. உறங்கிக்கொண்டிருந்த பகுதிக்குள் நீர் புகுந்ததால் 7 மாலுமிகள் இறந்தனர். மிக நவீன கருவிகளைக் கொண்ட கப்பல் அது. ஆயினும் ராடர் சரியாகச் சீர்செய்யப்படவில்லை. ஆபத்து இருந்த வலப்பக்கத்தில் காவலாளி நிறுத்தப்படவில்லை. ஏனைய கப்பல்கள் நெருங்கி வந்தும் கப்பற்றலைவர் அழைக்கப்படவில்லை. கருவி கண்ணுக்குத் துணையேயன்றி, கண்ணுக்குப் பதிலாகாது.

7. நமது கடலில்

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சர்வதேசக் கப்பற்பாதை செல்கிறது. மிரிஸ்ஸ, தங்காலை போன்ற துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் மீன்பிடிப் படகுகள் இப்பாதையைக் கடக்க வேண்டியுள்ளன. பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் எல்லோரும் உறங்கிவிட எண்ணுவது இயல்பே. ஆனால் மீன்பிடிப் படகு காட்ட வேண்டிய விளக்கு குறைந்தது 2 கடல்மைல் தூரத்துக்கே தெரிய வேண்டும் என விதி கூறுகிறது. 20 நொட் கதியில் வரும் கப்பல் அத்தூரத்தை 6 நிமிடத்தில் கடந்துவிடும். அந்த 6 நிமிடத்தில் படகில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். விளக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

உங்களுள் சிலரது தந்தையரும் அண்ணன்மாரும் இரவில் தொழிலுக்குச் செல்பவர்களாக இருக்கலாம். இப்பாடத்தில் கற்றவற்றை, குறிப்பாக அசையாது நிற்பது போலத் தோன்றும் விளக்கைப் பற்றி, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அதிகமாக அவர்கள் அறிந்திருப்பர்.

தொகுப்பு

• கண்காணிப்பு என்பது காணல், இனங்காணல், அறிவித்தல், செயற்படல் என்னும் நான்கு படிகளைக் கொண்டது.
• கப்பலின் கதி, கண் காணக்கூடிய தூரத்துக்கு ஏற்ப அமைய வேண்டும்.
• இருளுக்குக் கண் இசைவாக்கமடைய 20 தொடக்கம் 30 நிமிடங்கள் வரை தேவை.
• திசை மாறாது பிரகாசமடையும் விளக்கு மோதும் ஆபத்தைக் குறிக்கும்.
• போதிய ஓய்வு இல்லாதவரால் முறையான கண்காணிப்பைச் செய்ய முடியாது.
• கருவிகள் மனிதக் கண்காணிப்புக்குத் துணை மட்டுமே.

பயிற்சி வினாக்கள்

1. அமைதியான கடல் டைட்டானிக் காவலாளிகளுக்கு ஏன் பாதகமாக அமைந்தது?
2. டைட்டானிக், கலிபோர்னியன், எக்சன் வல்டீஸ், பிற்ஸ்ஜெரல்ட் ஆகிய ஒவ்வொன்றிலும் நான்கு படிகளுள் எது தவறியது எனக் காரணத்துடன் எழுதுக.
3. கார்பாத்தியாவின் கப்பற்றலைவர் கதியைக் கூட்டியபோது வேறு எதனையும் கூட்டினார்? ஏன்?
4. 15 நொட் கதியில் செல்லும் கப்பலும் 9 நொட் கதியில் செல்லும் படகும் நேருக்கு நேர் வருகின்றன. 2 கடல்மைல் தூரத்தில் விளக்குத் தெரிந்தால், மோதலைத் தவிர்க்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? (விடை: 5 நிமிடம்)
5. “விழித்திருப்பது வேறு, கண்காணிப்பது வேறு” என்னும் கூற்றை இக்கட்டுரையில் வரும் உதாரணங்களைக் கொண்டு 150 சொற்களில் விளக்குக.

குறிப்பு: 5 ஆம் வினாவுக்கு விடை எழுதும்போது சம்பவத்தை முழுவதும் கதையாகக் கூற வேண்டாம். முதலில் கருத்தைக் கூறி, அடுத்து உதாரணத்தைச் சுருக்கமாகக் காட்டி, இறுதியில் அதிலிருந்து பெறப்படும் முடிவை எழுதுக.